ரங்கூனை அத்தையோடு நடந்து பார்த்தோம்

ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்தவன் எதற்குக் காசு கொடுத்து ரங்கூனைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். அத்தைக்காகத்தான். அப்பாவின் சித்தப்பா மகள் அவர். 1964-ல் கப்பலேறியபோது ஒன்பது வயது, அப்புறம் வியாசர்பாடியில் வளர்ந்து, அங்கேயே கல்யாணமாகி, பேரன் பேத்தி எடுத்து, இப்போதுதான் பிறந்த ஊருக்கு வந்திருக்கிறார். எனக்கு ஊர் தெரியும், எந்த பஸ் எங்கே போகும், மழைக்கு எந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் தெரியும். ஆனால் இந்தக் கட்டடத்தை யார் கட்டினார்கள், என்ன வருஷம் என்று அத்தை கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் பழைய நகரத்தை நடத்தியே காட்டும் ஒரு பர்மியப் பெண்ணிடம் சொல்லி வைத்தேன்.

நவம்பர் மாதம், மழை விட்டு வெயில் ஏறாத காலை. நகரத்தின் நடுவில் இருக்கும் புத்தக் கோவிலான சூலே பகோடா பக்கத்தில் சந்தித்தோம். அந்தப் பெண் எடுத்த எடுப்பில் பகோடாவைக் காட்டவில்லை, தெருக்களைக் காட்டினார். நான்கு பக்கமும் பாருங்கள், எல்லாம் கட்டம் போட்ட நோட்டு மாதிரி நேராக ஓடுகிறது, அது தானாக வந்ததில்லை என்றார். 1755-ல் அலாங்பயா மன்னர் யாங்கோன் என்று பெயர் வைத்த ஊர் இது. 1852 போரில் பிரிட்டிஷார் கீழ் பர்மாவைப் பிடித்த கையோடு, டாக்டர் மான்ட்கோமரி, லெப்டினன்ட் ஃப்ரேசர் என்ற இருவர் போட்ட திட்டப்படி சூலேயை நடுவில் வைத்து அளந்து, ஆற்றோரச் சதுப்பை மேடாக்கி, மனை பிரித்து விற்று, அந்தக் காசில் நகரத்தைக் கட்டினார்கள். அகலமான தெருக்கள் கடைக்கும் கம்பெனிக்கும், நடுவில் எண் போட்ட ஒடுக்கமான தெருக்கள் குடியிருப்புக்கு. நம் காளி கோவில் இருக்கும் அனவ்ரதா சாலைக்கு முன்பு ஃப்ரேசர் தெரு என்று பெயர், இந்த ஃப்ரேசர்தான் அந்த ஃப்ரேசர் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நகர மண்டபம், மகாபந்தூலா பூங்கா, உயர் நீதிமன்றம் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான். நகர மண்டபத்துக்கு மடாலயக் கூரை மாதிரி அடுக்குக் கூரை வைத்தவர் ஊ தின் என்ற பர்மியக் கட்டடக் கலைஞர், 1936-ல் முடிந்தது. பூங்காவில் இப்போது சுதந்திர ஸ்தூபி நிற்கும் இடத்தில் முன்பு விக்டோரியா ராணி சிலை இருந்ததாம். நீதிமன்றம் சிவப்புச் செங்கல், மணிக்கூண்டு, 1911. இவற்றை ஏதாவது ஒரு புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம் என்பதால் நான் நீட்டவில்லை.

பன்சோடான் தெருதான் எனக்கு ஆச்சரியம். பழைய புத்தகம் வாங்க எத்தனையோ தடவை போன தெரு. நடைபாதையில் புத்தகங்களைக் குனிந்தே பார்த்துப் பழகிய எனக்கு, நிமிர்ந்து பார் என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது. அங்கே சோஃபர் கட்டடம் என்று ஒன்று, பாக்தாத்திலிருந்து வந்த யூதக் குடும்பத்துச் சகோதரர்கள் 1906-ல் கட்டியது. உள்ளே தரை ஓடுகள் மான்செஸ்டரிலிருந்து வந்தவை, இரும்பு உத்திரங்கள் ஸ்காட்லாந்திலிருந்து. அத்தை அந்தத் தரையில் உட்கார்ந்தே விட்டார். முந்தானை நுனியால் தூசியைத் துடைத்தார். மங்கலான காவியும் நீலமும் கலந்த பூக்கோலம் தெரிந்தது, நடுவில் காலடி அதிகம் பட்ட இடத்தில் மட்டும் நிறம் தேய்ந்து ஓரங்களில் அப்படியே இருந்தது. மாடியில் 1971 முதல் ஓவியக் கூடம் நடக்கிறது, கட்டாயம் ஏறிப் பாருங்கள், மரப்படிக்கட்டுக்காகவே ஏறலாம். இதே தெருவின் கடைசியில் பெரிய தூண்கள் வைத்த கட்டடம் ஐராவதி ஃப்ளோட்டிலா கம்பெனியின் தலைமையகமாக இருந்தது. 1920-களில் 600-க்கும் மேற்பட்ட படகுகள், கப்பல்கள் ஓட்டிய கம்பெனி, உலகிலேயே பெரிய ஆற்றுக் கப்பல் கூட்டம் அவர்களுடையது. ஐராவதி ஆற்று டெல்டாவின் நெல்லெல்லாம் ஆற்று வழியாகத்தான் ரங்கூன் ஆலைகளுக்கு வந்தது, அரிசியாகிக் கப்பலேறியது. போருக்கு முன் ஆண்டுக்கு முப்பது லட்சம் டன் அரிசி வரை ஏற்றுமதி, உலகத்தில் முதலிடம்.

ஆற்றங்கரைக்கு வந்ததும் அத்தை பேச ஆரம்பித்தார். அதுவரை கேட்டுக்கொண்டே வந்தவர். 1964 மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, மே மாதம் 50, 100 சாட் (பர்மியப் பணம்) நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது, சின்னத் தாத்தாவின் துணிக்கடையும் போய், பெட்டியில் இருந்ததும் காகிதமாகிப் போய், அந்த வருஷமே கிளம்பிவிட்டார்கள். கப்பலேறும் முன் எல்லோரையும் சோதனை போட்டார்களாம். சின்னப் பாட்டி காதில் கிடந்த கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓட்டை மூடாமல் இருக்க ஈர்க்குச்சி சொருகிக்கொண்டாராம். சென்னையில் இறங்கும்போதும் அந்த ஈர்க்குச்சியோடுதான் இறங்கினார் என்று அத்தை சொன்னார். எங்கள் தாத்தா ஆற்றுப் படகில் வேலையில் இருந்தார், குடியுரிமைக் காகிதம் வைத்திருந்தார், அதனால் நாங்கள் தங்கினோம். ஒரே குடும்பம் இப்படித்தான் இரண்டு ஊராகப் பிரிந்தது.

நான் மொழிபெயர்த்ததை அந்தப் பெண் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஆற்றங்கரையை விட்டு எண் தெருக்கள் வழியாக மேற்கே நடந்தோம். இங்கே பார்க்க வேண்டியது பால்கனிகளை. நான்கு மாடி, ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கயிறு கீழே தொங்கும், நுனியில் காகிதத்தைக் கவ்வும் கிளிப், மேலே கயிற்றோடு கட்டிய சின்ன மணி. பேப்பர்காரர் கிளிப்பில் பேப்பரை மாட்டிக் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரர் இழுத்துக்கொள்வார். கீரையும் இப்படியே பை கட்டி ஏறும். எனக்கு இது தினசரி சமாசாரம். அத்தைக்கோ மறந்தே போயிருந்தது, ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்தே பார்த்தார், மேலேயிருந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்க, அத்தை தன் ஒன்பது வயதுப் பர்மியத்தில் ஒன்றும் வேண்டாம், சும்மா என்று பதில் சொன்னார்.

அப்புறம் முகல் தெரு. இன்று ஷ்வே போந்தா தெரு. நான் எழுத உட்கார்ந்ததே இந்த இடத்தைப் பற்றித்தான்.

செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது வட்டித் தொழில் நடத்திய கடைகள், இருந்த தெரு இது. ஒரே கட்டடத்தில் பல மார்க்காக்கள் (தனித்தனி நிறுவனங்கள்), ஆளுக்கொரு பெட்டியடி (கணக்குப் பெட்டி வைத்து உட்காரும் இடம்), மேலாள், அடுத்தாள், பொடியன் என்று வேலையாட்கள் வரிசை, மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்பினால் அடுத்த ஆள் வருவார். கைடு பெண் இங்கே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இங்கே வட்டிக்குக் கொடுத்தவர்கள் இருந்தார்கள் என்று மட்டும் சொல்லி நடக்கப் பார்த்தார். அத்தை விடவில்லை. "ஏம்மா, எங்களுக்காகப் பார்க்காதே, உங்க வீட்டுல என்ன சொல்வாங்களோ அதைச் சொல்லு" என்றார். அதை நான் பர்மியத்தில் சொன்னதும் அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்கு டெல்டாவில் நிலம் இருந்தது, 1930-களில் அது செட்டியார் கைக்குப் போனது, சொந்த நிலத்திலேயே குத்தகைக்கு உழுதார், அப்புறம் அதுவும் இல்லாமல் ரங்கூனுக்கு வந்தார்.

இது அவர் வீட்டுக் கதை மட்டும் இல்லை. டெல்டாக் காட்டை அழித்து வயலாக்கிய விவசாயிகளுக்கு ஐரோப்பிய வங்கிகள் கடன் தரவில்லை, செட்டியார்கள்தான் நிலத்தை அடமானமாக வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். அந்தப் பணம் இல்லாமல் அத்தனை வயல் உருவாகியிருக்காது, அதையும் சொல்ல வேண்டும். 1930-ஐ ஒட்டி உலகமெங்கும் விலை சரிந்தபோது நெல் விலை பாதியாக விழுந்தது, கடன் அடையவில்லை, நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1937-ல் 25 சதவீதம் ஆனது. வட்டிக்கடைக்காரர்களுக்கு நிலம் வேண்டியிருக்கவில்லை, ரொக்கம்தான் வேண்டியிருந்தது என்று நம் பக்கத்தில் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு அதனால் என்ன ஆறுதல்? 1948-ல் சுதந்திரம் வந்ததும் நில தேசியமயச் சட்டம் வந்ததற்கும், 1964-ல் கடைகளை எடுத்துக்கொண்டதற்கும் வேர் இந்த ஏழு வருஷத்திலும் இருக்கிறது.

நம் வீடுகளில் சொல்லும் பர்மாக் கதை 1942-ல் ஆரம்பிக்கும். ஜப்பான் குண்டு, அரக்கான் மலை வழியாக நடை, வழியில் செத்தவர்கள். அடுத்து 1964, கப்பல், கம்மல், சென்னையில் பர்மா பஜார், அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடை. எல்லாம் நிஜம், ஒரு வரியையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் காரைக்குடி வீடுகளில் பர்மா தேக்குத் தூண்களைத் தடவிப் பார்த்து வியக்கிற நாம், அந்தத் தூணுக்குப் பின்னால் இருந்த வயலைப் பற்றிப் பேசுவதில்லை. பேச வேண்டும் என்பது என் எண்ணம். இங்கேயே வாழ்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர் வேதனையைக் கேட்காமல் நம் வேதனையை மட்டும் சொன்னால் அது எடுபடாது.

அதே சமயம் அந்தப் பெண்ணிடமும் ஒன்று சொன்னேன். ரங்கூன் தமிழர் என்றால் செட்டியார் மட்டும் இல்லை. என் தாத்தாவின் அப்பா ராமநாதபுரத்திலிருந்து, கூலிக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் படுத்து வந்தவர், ஆற்றங்கரை ஆலையில் அரிசி மூட்டை தூக்கியே அந்தக் கடனை அடைத்தவர். 1931 கணக்கெடுப்பில் இந்த நகரத்து மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள், அவர்களில் பெரும்பாலோர் மூட்டை தூக்கியவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், சாக்கடை அள்ளியவர்கள். 1930 மே மாதம் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்த, கப்பல் கம்பெனிகள் பர்மியர்களைக் கொண்டுவந்தன. பிரச்சினை தீர்ந்ததும் பர்மியர்களைப் போகச் சொல்லிவிட்டார்கள், அடிதடி ஊரெங்கும் பரவிக் கொலையில் முடிந்தது. கூலியைக் குறைத்தே வைத்த முதலாளி யார் என்பதை இரண்டு பக்கமும் அன்றைக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண் இதையும் எழுதிக்கொண்டார், அடுத்த முறை ஆற்றங்கரையில் சொல்வேன் என்றார். நடைப்பயணத்துக்குக் கொடுத்த காசு இதற்கே சரியாகிவிட்டது.

காளி கோவிலில் முடித்தோம். 1871-ல் தமிழர்கள் கட்டிய கோவில், அர்ச்சனை நம் பாணியில், கும்பிட வருகிறவர்களில் பர்மியர்களும் ஏராளம். அப்புறம் தோசை, டீ.

சென்னையில், மதுரையில், சிவகங்கையில் இருப்பவர்கள் வீட்டில் பழைய ரங்கூன் முகவரி ஏதாவது கிடந்தால், வரும்போது எடுத்து வாருங்கள். டல்ஹௌசி தெரு இன்று மகாபந்தூலா சாலை. ஃபேயர் தெரு பன்சோடான். லூயிஸ் தெரு செய்க்கந்தா. ஸ்பார்க்ஸ் தெரு போ ஆங் சோ. எண் தெருக்களுக்குப் பெரும்பாலும் இன்றும் அதே எண்தான், ஆனால் ஒரே தெரு மேல், நடு, கீழ் என்று துண்டு துண்டாக இருக்கும், கதவு எண் திரும்பத் திரும்ப வரும். அதனால் தாத்தா பாட்டி யாராவது இருந்தால், வீட்டிலிருந்து ஆறு பக்கமா, மார்க்கெட் பக்கமா, எதிரில் பள்ளிவாசலா கோவிலா என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அத்தையின் வீட்டை அப்படித்தான் பிடித்தோம். கீழே அச்சகம் நடக்கிறது, அவர்கள் இருந்த மூன்றாம் மாடியில் ஒரு சீனக் குடும்பம், உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார்கள்.