பனி பெய்யாத ஊரில் பனிக்கால வேலை

நான் திருச்சிக்காரன். சிங்கப்பூருக்கு வந்தது ஒரு விமான நிறுவனத்தின் இயக்கக் கட்டுப்பாட்டு அறையில் டிஸ்பேட்சர் வேலைக்கு. பனி என்றால் மார்கழிக் காலையில் காவிரிப் பாலத்தை மூடி நிற்கும் மூடுபனிதான் எனக்குத் தெரியும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலோ நள்ளிரவிலும் சட்டை வியர்த்து ஒட்டும். ஆனாலும் நவம்பர் பிறந்தால் எங்கள் அறைக்குப் பனிக்காலம் வந்துவிடும். ஜப்பானின் சப்போரோவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிற விமானங்களுக்குப் பாதை, எரிபொருள், வானிலை, மாற்று விமான நிலையம் எல்லாவற்றையும் கணக்கிட்டுக் கொடுப்பது எங்கள் பொறுப்பு.

இந்த வேலையில் நான் முதலில் கவனித்தது, பனி நாளில் விமானி பேச வேண்டியது எவ்வளவு கூடிவிடுகிறது என்பதைத்தான். மற்ற நாளில் எஞ்சினைக் கிளப்ப அனுமதி, ரன்வேக்குப் போகும் டாக்ஸிவே, ரன்வே என்று முடிந்துவிடும். பனி பெய்தால் முதலில் டீ-ஐசிங் கேட்க வேண்டும். இறக்கையில் படிந்த பனியைச் சூடான கரைசலைப் பீய்ச்சிக் கரைத்துவிட்டு, அதன்மேல் கெட்டியான இன்னொரு திரவத்தைப் பூசுவார்கள். எந்த வகைத் திரவம், என்ன கலவை, கடைசிப் பூச்சு எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று தரைக்குழு விமானியிடம் சொல்லும். பூச்சு தொடங்கிய நிமிடத்திலிருந்தே நேரக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். பனி வலுத்தால் திரவம் தாங்கும் நேரம் குறையும். ரன்வே முனையில் வரிசை நீண்டு அந்த நேரம் கடந்துவிட்டால், விமான நிலையக் கோபுரத்தில் இருக்கும் கட்டுப்பாட்டு அலுவலரிடம் சொல்லி, திரும்பிப் போய் மறுபடி பூசிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இறங்கும்போது இன்னொன்று. கடுங்குளிரில் காற்று அடர்ந்துவிடுவதால் உயரமானி உண்மையைவிடக் கூடுதலான உயரத்தைக் காட்டும். விமானி அதற்குத் திருத்தம் சேர்த்துப் பறந்தால் எத்தனை அடி சேர்த்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் தரையில் இருப்பவர் ஓர் உயரத்தை நினைத்துக்கொண்டிருப்பார், விமானம் வேறு உயரத்தில் வரும்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது ரன்வே அறிக்கைதான். 2021 நவம்பர் 4 முதல் உலகெங்கும் ஒரே முறை. ஓடுபாதையை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் 0 முதல் 6 வரை ஓர் எண் கொடுப்பார்கள். காய்ந்த தரை 6. வெறும் ஈரம் 5. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் உலர்பனி கிடந்தால் 3. சேறுபோல் இளகிய பனி அதே அளவுக்கு மேல் போனால் 2. பனிக்கட்டி 1. பூஜ்யம் வந்தால் அந்த ரன்வேயில் யாரும் இறங்கக்கூடாது. இது ஸ்னோடாம் என்ற செய்தியாக எங்களுக்கு வரும்.

ஓர் இரவு சப்போரோவின் சித்தோசே விமான நிலையத்திலிருந்து 5/5/3 என்று வந்தது. அந்த ரன்வேயின் தெற்கு முனைக்கு 01, வடக்கு முனைக்கு 19 என்று பெயர். எங்கள் அறையின் மூத்த டிஸ்பேட்சர் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. எல்லாருக்கும் அக்கா. என் திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இது எந்தப் பக்கத்துலேருந்து?"

"01 பக்கத்துலேருந்துக்கா. ஸ்னோடாம்ல எப்பவும் சின்ன எண் இருக்கிற முனையிலேருந்துதான் எழுதுவாங்க."

"நம்ம ஃபிளைட் எங்க இறங்குது?"

"காத்து தெக்கேருந்து. 19ல."

"அப்ப கேப்டனுக்கு என்ன?"

"3/5/5."

"ம். இப்ப முழுசா ஒரு தடவ சொல்லு."

சொன்னேன். வடக்கு முனையில் 3. 01 வழியாக இறங்கினால் ஓடி நிற்க வேண்டிய கடைசிப் பங்கில் வழுக்கும். 19 வழியாக இறங்கினால் சக்கரம் தரைதொடும் இடத்திலேயே வழுக்கும். கட்டுப்பாட்டு அலுவலர் விமானிக்குச் சொல்லும்போது இறங்கும் திசைப்படியே மாற்றிச் சொல்வார். நாங்கள் அனுப்பிய குறிப்புக்குக் கேப்டனிடமிருந்து வந்த பதிலில் "19, 3/5/5" என்று எங்கள் எண்களே திரும்பி வந்திருந்தன. அக்கா அதைப் படித்த பிறகுதான் தன் இருக்கைக்குப் போனார்.

பெரியவர்கள் சொன்னால் தலையாட்ட வேண்டும் என்று வளர்ந்தவன் நான். பள்ளியில் வாத்தியாரிடம் ஒன்றை இரண்டாம் முறை கேட்டால் "காதுல என்ன பஞ்சா?" என்று வரும். "சரி சார்" என்பது மரியாதை. புரிந்ததா இல்லையா என்பது அதற்கப்புறம். இந்தப் பழக்கம் பனிக்காலத்தில் எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு 1982 ஜனவரி 13 சாட்சி. வாஷிங்டனில் கொட்டும் பனியில் ஏர் ஃபுளோரிடாவின் போயிங் 737 புறப்பட்டது. டீ-ஐசிங் முடிந்து 49 நிமிடம் கடந்திருந்தது. எஞ்சினுக்கான பனித்தடுப்பைப் போடவில்லை. அதனால் உணரிகள் உறைந்து, எஞ்சின் விசையைக் கூடுதலாகக் காட்டின. ரன்வேயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே துணை விமானி அளவு சரியில்லை என்றார். சரிதான் என்றார் கேப்டன். துணை விமானி திரும்பவும் தன் ஐயத்தைச் சொன்னார். அதற்கு மேல் அழுத்திச் சொல்லவில்லை. விமானம் பாலத்தில் மோதி உறைந்த பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் போன 4 பேரையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள். அந்த விசாரணையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் துணை விமானிமேல் கோபம் வராது. அவர் இடத்தில் என் ஊர்ப் பையன்கள் எத்தனை பேர் இரண்டாம் முறைகூட வாய் திறந்திருப்பார்கள் என்றுதான் நெஞ்சு பதறும்.

2005 டிசம்பர் 8, சிகாகோவின் மிட்வே விமான நிலையம். முன்னால் இறங்கிய விமானிகள் பிரேக் பிடித்த விதத்தை ஆளுக்கொரு மாதிரி சொன்னார்கள். ஓரளவு பிடிக்கிறது என்ற தகவலும் வந்தது, மோசம் என்ற தகவலும் வந்தது. அடுத்து இறங்கிய சவுத்வெஸ்ட் விமானத்தில் எஞ்சினின் எதிர்விசையையும் தாமதமாகவே இயக்கினார்கள். விமானம் வேலியை உடைத்துச் சாலைக்கு வந்து ஒரு காரில் மோதியது. காருக்குள் இருந்த 6 வயதுச் சிறுவன் இறந்துபோனான். அதன்பின் அமெரிக்காவில் தொடங்கிய ஆராய்ச்சி வளர்ந்துதான் மேலே சொன்ன எண்முறை வந்தது. அறிக்கையில் சொன்னதைவிட ரன்வே மோசமாக இருந்தால் விமானி உடனே சொல்ல வேண்டும், கட்டுப்பாட்டு அலுவலர் அதைப் பின்னால் வருபவருக்குக் கடத்த வேண்டும் என்பது இன்றைய விதி.

இங்கே வந்த புதிதில் ஆங்கிலம்தான் என்னை மிரட்டியது. சீனர், மலாய்க்காரர், பிலிப்பினோ, ஆஸ்திரேலியர் என ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் உச்சரிப்பு. பிறகு பன்னாட்டு விமானிகளுக்கும் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கும் 2008 மார்ச் முதல் உள்ள மொழித்தேர்வின் விதிகளைப் படித்தேன். தேர்ச்சிக்கு நான்காம் நிலை வேண்டும். பார்க்கும் ஆறு திறன்களில் ஒன்று, ஐயம் வந்தால் சரிபார்த்து, உறுதிசெய்து, தெளிவுபடுத்திக்கொள்வது. திரும்பக் கேட்பதற்கு மதிப்பெண் தருகிற தேர்வு! அன்றைக்கு எனக்கு வந்த தெம்பு கொஞ்சமல்ல. எங்கள் புளோக்கின் கீழே உள்ள காப்பிக் கடையிலும் "கோப்பி ஓ கோசோங்" (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி) என்று நான் சொன்னதும் ஆன்ட்டி அதை அப்படியே உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கலக்கப் போவார். யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. வாடகை வீட்டுக்காரரிடமும் கிளினிக்கிலும் எனக்குப் புரியாததை மறுபடி கேட்கும் துணிவு அப்படித்தான் வந்தது.

இந்த எண்முறை மழைக்கும் பொருந்தும். சாங்கியில் பருவமழை கொட்டி ரன்வேயில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் நின்றால், அங்கே இளகிய பனிக்குக் கொடுக்கும் அதே 2தான் இங்கேயும்.

இப்போது ஊரிலிருந்து புதிதாக வரும் தம்பி தங்கைகள் என் பக்கத்தில் உட்காருகிறார்கள். ஸ்னோடாமைக் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன், பிறகு எதிர்முனையிலிருந்து சொல்லச் சொல்கிறேன். பாடம் எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரிகிறது, குரல்தான் எழும்ப மறுக்கிறது. தமிழ்நாட்டில் விமானத்துறைப் படிப்பு நடத்தும் கல்லூரிகள் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் சொல்வதை மற்றவர் திருப்பிச் சொல்லவும் தவறாகச் சொன்னால் மறித்துத் திருத்தவும் பழக்க வேண்டும். ஆசிரியரும் அந்த இணைகளில் ஒருவராக உட்கார வேண்டும்; மாணவர் அவரையும் மறித்துத் திருத்த வேண்டும்.