அப்பாவின் பண்ருட்டி லைன்

எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை என்றால் பண்ருட்டி லைன். திங்கள் கடலூர் முதுநகர், புதன் குறிஞ்சிப்பாடியும் வடலூரும், வியாழன் சிதம்பரம், வெள்ளி உள்ளூர் என்று அப்பாவின் வாரத்தை ஊர்ப்பெயர்களால்தான் எங்களுக்குத் தெரியும். புதுச்சேரியில் நோட்டுப் புத்தகங்களையும் எழுதுபொருள்களையும் மொத்த விற்பனை செய்த ஒரு நிறுவனத்தில், ஓய்வு பெறும் வரை அவர் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தார். அவர் மறைந்த பிறகு, அந்தச் செவ்வாய்க்கிழமை லைனை அவர் போன வழியிலேயே ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வலுத்துக்கொண்டே வந்தது. பள்ளிக்கூடங்கள் திறக்கும் ஜூன் மாதத்தில் புறப்பட்டேன்.

கடலூர் பேருந்தில் ஏறினால் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் ஆகிய ஊர்களைக் கடந்து முள்ளோடையோடு புதுச்சேரி எல்லை முடிகிறது. 2017இல் ஜி.எஸ்.டி. வரும் வரை இந்த எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு வரி, இந்தப் பக்கம் ஒரு வரி. சரக்கு வண்டியோடு போகும் பில்லில் ஒரு பிழை இருந்தாலும் வண்டி சோதனைச் சாவடியில் நின்றுவிடும் என்பதால், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுநாள் போகவேண்டிய பில்களைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பின்னரே அப்பா படுப்பார். பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டி மஞ்சக்குப்பம், கெடிலத்தைத் தாண்டித் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையம். அங்கே இறங்கிப் பண்ருட்டிப் பேருந்துக்கு மாறினேன்.

பண்ருட்டியில் இறங்கியதும் பலாப்பழ வாசனைதான் எதிர்கொண்டு அழைத்தது. பலா வரத்து மிகுந்திருக்கும் மே, ஜூன் மாதங்கள்தாம் நோட்டு வியாபாரத்துக்கும் உயிர்நாடி. ஆண்டு விற்பனையில் பெரும்பகுதி அந்தச் சில வாரங்களில் முடிந்துவிடும். அந்த நாள்களில் அப்பாவின் மூன்றடுக்கு டிபன் காரியர் காலையில் தயிர்சாதத்தோடு போகும், இரவில் பலாச்சுளையோடு திரும்பும். மேலடுக்கைத் திறக்கும்போது சுளைகளுக்கு அடியில் வாழை இலைத் துண்டு ஒன்று விரித்திருக்கும். கொட்டைகளைத் தனியாக ஒரு தாளில் மடித்து வைத்திருப்பார், மறுநாள் சாம்பாருக்காக. அம்மாவுக்குப் பலாக்கொட்டைச் சாம்பார் பிடிக்கும் என்பதைப் பேருந்துக் கூட்டத்திலும் மறக்காத மனிதர் அவர்.

பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைத்தெருவில் அவருடைய முதல் கடை இன்னும் இருக்கிறது. யார் மகள் என்று சொன்னதும் கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். “உட்காரும்மா. சார் உட்காருகிற ஸ்டூல்தான் அது” என்றவர், வாடிக்கையாளர்களை மகனிடம் ஒப்படைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்தபோது இந்த வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பல ஆண்டுகள் வளர்ந்து பலன் தந்த மரங்கள் அவை. அவற்றை நம்பியிருந்த குடும்பங்களின் கையில் காசு இல்லாமல் போக, கடைகளிலும் வியாபாரம் படுத்துவிட்டது. பழைய பாக்கியை வசூலிக்காத பிரதிநிதிக்கு ஊக்கத்தொகை கிடையாது என்பது அந்தத் தொழிலின் வழக்கம். அப்படியிருந்தும் அப்பா தம் முதலாளியிடம் பேசி, பண்ருட்டிக் கடைகளுக்கு மட்டும் தவணை நீட்டித்து வாங்கினாராம். “எங்க பாக்கிய கேக்கவே இல்லம்மா. அந்த வருஷமும் ஸ்கூல் சீசனுக்குச் சரக்கு வந்துச்சு. அதுலதான் நாங்க தலை நிமிர்ந்தோம்” என்றார். புயலுக்கு அடுத்து வந்த தீபாவளிக்கு அப்பா தமக்கு வேட்டி எடுக்கவில்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காரணத்தை அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதுதான் அறிந்தேன்.

திரும்பும் வழியில் நெல்லிக்குப்பம். கரும்பு ஆலையால் பெயர் பெற்ற ஊர். அங்கே ஒரு கடைக்காரர் சொன்னது என்னை நெடுநேரம் பேசவிடாமல் செய்தது. “மத்த ரெப்புங்க எல்லாம் கிட்டக்க இருக்கிற கடையில ஆரம்பிச்சு, தூரத்துக்குப் போவாங்க. உங்க அப்பா நேர் எதிரு. காலையில நம்ம கடையத் தாண்டிப் பஸ்ஸுல போவாரு, கைகாட்டுவாரு. மதியத்துக்கு மேலதான் வருவாரு. ஏன் சார்னு கேட்டா, சாயங்காலம் ஆக ஆக வீடு கிட்ட வரணும்பாரு.” அப்பா ஏழரை மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவது அவர் பார்த்த வேலையின் இயல்பு என்றே நான் நினைத்திருந்தேன். கடைசி ஊரிலிருந்து தொடங்கி வீட்டை நோக்கி ஒவ்வொரு கடையாக அவர் நகர்ந்துகொண்டிருந்தார் என்பதும், அதற்காக விடிவதற்கு முன்பே எழுந்து முதல் பேருந்தைப் பிடித்தார் என்பதும் அவர் வழியிலேயே போனதால்தான் விளங்கியது.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, திருச்சிக் கிளைக்கு மேலாளராகப் போகும்படி நிறுவனத்தில் சொன்னார்கள். சம்பளம் கூடும், ஆனால் வாரம் ஒரு முறைதான் வீட்டுக்கு வர முடியும். அப்பா மறுத்துவிட்டார். அதைத் தியாகமாக அவர் ஒரு நாளும் சொல்லிக்கொண்டதில்லை. அம்மாதான் பிற்காலத்தில் சொன்னாள்.

அவருடைய கார்பன் வைத்த ஆர்டர் புத்தகங்களில் ஒன்றை என் பையில் எடுத்துப் போயிருந்தேன். கட்டுரை நோட்டு 192 பக்கம் 10 டஜன், நாலு கோடு 80 பக்கம் 15 டஜன் என்று கடைவாரியாக எழுதிக்கொண்டே போயிருக்கிறார். நீல மை படிந்த அந்தப் பிரதிகளின் பின்புறத்தில் பென்சிலால் சிறிய எழுத்தில் வேறு ஒரு பட்டியல்: பெரியவளுக்கு 4ஆம் நம்பர் கேன்வாஸ் ஷூ, ஆயாவுக்குக் கண் சொட்டு மருந்து, மின்கட்டணம் 15க்குள். வாங்கியவற்றை ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறார். நான் பார்த்தவரை அடிக்காமல் விட்டது ஒரு வரிதான்: ‘எனக்குச் செருப்பு.’

மாலையில் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கிப் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையில் சூலை நோய் தீர்ந்த நாவுக்கரசர், பின்னாளில் கடலில் கல்லோடு மிதந்து வந்து கரையேறியது இந்த ஊரில் என்பார்கள். அப்பாவின் செவ்வாய்க்கிழமையும் இந்த இரு தலங்களுக்கு இடைப்பட்ட வழிதான். புதுச்சேரிப் பேருந்துக்கு நேரமிருந்தால் அவர் உள்ளே போய்த் தொழுதுவிட்டு வருவார் என்று லாரன்ஸ் சாலையில் அவருடைய கடைசிக் கடையை நடத்துபவர் சொன்னார். இப்போது ஆர்டரெல்லாம் கைப்பேசியிலேயே போய்விடுகிறது, பிரதிநிதிகள் முன்போல் வருவதில்லை என்றவர், அம்மாவின் உடல்நலத்தைப் பெயர் சொல்லி விசாரித்தார். நேரில் பார்த்ததே இல்லையாம். அப்பா சொல்லிக் கேட்டதுதானாம். அம்மாவிடம் அதைச் சொன்னபோது, அடுத்த முறை சிதம்பரம் லைனுக்குத் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். வழியில் இறங்க வேண்டிய கடைகளை அந்த ஆர்டர் புத்தகத்தைப் பார்த்து நாங்கள் இருவரும் எழுதிக்கொண்டிருக்கிறோம், கடைசிக் கடையிலிருந்து தொடங்கி.