பென்சிலில் இருக்கும் வரிகள்

2023 ஜூலை 19. ஆடித் தள்ளுபடி தொடங்கி மூன்றாம் நாள். கீழே கடையில் கால் வைக்க இடமில்லை. மேல்மாடியில் முதலாளியின் அறையில், பவர் பிஐ என்ற தரவு அறிக்கை மென்பொருளில் நான் இரண்டு மாதம் உட்கார்ந்து செய்த விற்பனை அறிக்கை முதன்முறையாகப் பெரிய டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. போன வருடத்தைவிட விற்பனை கூடிய ஏப்ரல், மே, ஜூன் எல்லாம் பச்சை. ஜூலைக்கு நேரே மட்டும் சிவப்பில் மைனஸ் 54 சதவீதம்.

"என்ன தம்பி, பாதிக் கடையை மூடிட்டோமா?" என்றார் முதலாளி.

தென் மாவட்டங்களில் 11 கிளைகள் கொண்ட ஜவுளிக் கடை அது. ஒரு கிளையும் மூடவில்லை. கோளாறு என்னவென்று அன்று இரவுதான் பிடிபட்டது. 'போன வருடம் இதே காலம்' என்று கணக்கெடுக்கும் சூத்திரம் விற்பனை அட்டவணையைப் பார்ப்பதில்லை, தேதி அட்டவணையைத்தான் பார்க்கிறது. தேதி அட்டவணையில் ஜூலைக்கு 31 நாள். அதனால் இந்த வருடத்தின் 18 நாள் விற்பனையைப் போன வருடத்தின் முழு ஜூலையோடு நிறுத்திப் பார்த்திருக்கிறது. அதுவும் ஆடி பிறப்பதே ஜூலை 17 வாக்கில். போன வருடக் கணக்கில் இரண்டு வாரத் தள்ளுபடிக் கூட்டம், இந்த வருடக் கணக்கில் இரண்டே நாள்.

அதைவிட உறுத்தியது இன்னொன்று. கீழே இருந்த வருட மொத்தமும் அதே பிழையைச் சுமந்துகொண்டுதான் இருந்தது. முந்தைய மூன்று மாதப் பச்சை அதை மூடி மறைத்துவிட்டதால், அறையில் யாருமே கவனிக்கவில்லை. செய்தவன் நான், நானும் கவனிக்கவில்லை.

திருத்தம் சின்னதுதான். தேதி அட்டவணையில் ஒரு பத்தி (நெடுவரிசை) சேர்த்தேன். கடைசி பில் போட்ட தேதி வரைக்கும் 'ஆம்', அதற்குப் பிறகு 'இல்லை'. போன வருடத்துக்குத் தள்ளும்போது 'ஆம்' நாட்களை மட்டும் தள்ளு என்று சொன்னேன். மறுநாள் காலை ஜூலை 6 சதவீதம் கூடியிருந்தது. முதலாளி சிரித்தார். நானும் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பு ஒரு வாரம் தாங்கவில்லை. கோவில்பட்டிக் கிளையில் இணைய இணைப்பு போய் மூன்று நாளாகப் பில்கள் வந்து சேரவில்லை. மற்ற பத்துக் கிளைகளும் நேற்று வரை அனுப்பியிருந்ததால், என் 'கடைசி தேதி' நேற்று என்றே நின்றது. கோவில்பட்டி மூன்று நாள் பட்டினி கிடந்து, போன வருட விருந்தோடு போட்டி போட்டது. வராத நாளையாவது கண்டுபிடித்துவிடலாம், பாதி வந்த நாள் இன்னும் மோசம். தகவல் ராத்திரி 9 மணிக்குக் கிளம்பும். ஆடியில் பில் போடுவது பத்தரை வரை நடக்கும். அட்டவணையில் அந்த நாளுக்கு வரி இருக்கிறது, தொகை இருக்கிறது, பார்க்க நல்ல பிள்ளையாகவும் இருக்கிறது. ஆனால் நாள் முடியவில்லை.

எங்கள் கடையில் ஒரு பழைய கணக்குப்பிள்ளை இருந்தார். எல்லோருக்கும் அண்ணாச்சி. கம்ப்யூட்டர் வந்த பிறகும் நீளமான ஒரு பேரேட்டில் கிளைவாரியாகத் தினசரி விற்பனையை எழுதிக்கொண்டிருந்தார். அதை எல்லோரும் பழைய பழக்கம் என்றுதான் நினைத்தோம். கோவில்பட்டி விவகாரத்தன்று அவரிடம் போய்க் கேட்டேன். பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். பெரும்பாலான தொகைகள் பேனாவில், சில பென்சிலில்.

"நாள்கணக்கு முடிச்சாச்சுன்னு கிளையில இருந்து போன் வந்தாத்தான் பேனா. அதுவரைக்கும் பென்சில். பென்சில்ல இருக்கறதைக் கூட்டமாட்டேன். ஒப்புப் பாக்கும்போது போன வருசத்துலயும் அந்தக் கடையோட அந்த நாளை எடுத்துருவேன்."

நான் இரண்டு மாதத்தில் கட்டாத கணக்கு அமைப்பை அவர் ஒரு பேரேட்டில் வைத்திருந்தார். கிளை ஒன்று, நாள் ஒன்று, அதற்கு ஒரு குறி. தேதியை மட்டும் பார்த்தது என் தப்பு. நாள்கணக்கு முடித்ததற்கான பதிவு பில்லிங் மென்பொருளிலேயே இருந்தது. அதை எடுத்து 'பென்சில்' என்ற பெயரில் ஒரு பத்தி செய்தேன். இரண்டு வருடத்திலும் பேனாவாக இருந்தால் மட்டுமே அந்தக் கிளையின் அந்த நாள் ஒப்பீட்டுக்குள் வரும்.

இங்கேயும் ஒரு குழி இருந்தது, விழுந்தேன். முதலில் ஒரு நிபந்தனை வைத்து, கிளை வரிகளில் பென்சில் நாட்களைக் காலியாக்கினேன். வரிகள் சரியாகவே தெரிந்தன. சின்ன முதலாளி கால்குலேட்டரை எடுத்துப் பதினொன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "அடியில வேற தொகை வருதே" என்றார். பவர் பிஐயில் மொத்த வரி என்பது மேலே தெரியும் வரிகளின் கூட்டல் கிடையாது. மொத்தத்துக்கான சூத்திரம் தனியாக, எல்லாத் தரவின் மீதும் மறுபடி ஓடுகிறது. அந்த இடத்தில் 'எந்தக் கிளை' என்ற கேள்வியே இல்லை, அதனால் என் நிபந்தனையும் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு கிளையின் ஒவ்வொரு நாளாக எடுத்துச் சோதித்து, தேறியதை மட்டும் கூட்டும்படி சூத்திரத்தைத் திருப்பி எழுதிய பிறகுதான் கால்குலேட்டரும் டிவியும் ஒத்துப்போயின.

அதோடு, அறிக்கையின் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு வரி வைத்தேன்: '198 கிளை நாட்களில் 189 சேர்க்கப்பட்டுள்ளன.' எதை விட்டுவிட்டோம் என்று சொல்லாமல் சதவீதத்தை மட்டும் காட்ட எனக்கு அதற்கப்புறம் மனம் வரவில்லை.

தீபாவளி வேறு கதை. 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. எல்லா வரியும் பேனாதான், ஆனாலும் அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட்டால் அபத்தம். அதற்குத் 'தீபாவளிக்கு எத்தனை நாள் முன்பு' என்று ஒரு தனிப் பத்தி போட்டுச் சமாளித்தோம்.

என்னை உண்மையில் திணறடித்தது 2024 டிசம்பர். முந்தைய வருடம் டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தூத்துக்குடியும் தாமிரபரணிக் கரையும் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். எங்கள் தூத்துக்குடிக் கிளை ஐந்து நாள் திறக்கவில்லை. திறக்காத கடையில் யார் நாள்கணக்கு முடிப்பது? என் அறிக்கை அந்த ஐந்தையும் பென்சில் என்று எடுத்துக்கொண்டு, இரண்டு வருடத்திலிருந்தும் சத்தமில்லாமல் தூக்கிவிட்டது.

அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. பழைய பேரேட்டைக் கொண்டுவந்து 2023 டிசம்பர் 18ஆம் தேதிப் பக்கத்தை விரித்தார். தூத்துக்குடிக்கு நேரே பேனாவில் பூஜ்யம். "கடை மூடியிருந்துச்சு, விக்கலை. அது தெரிஞ்ச கணக்கு தம்பி." அதற்குக் கீழே ஏரல் கிளை. பென்சிலில் ஒரு புள்ளி மட்டும். அங்கே தண்ணீர் பில்லிங் மேஜைக்கு மேல் ஏறி, கம்ப்யூட்டரே போய்விட்டது. 16ஆம் தேதி சனிக்கிழமை வியாபாரம் நடந்தது, பில்கள் வந்து சேரவில்லை.

சின்ன முதலாளிக்கு வெள்ள நாட்களைச் சேர்த்தால் வளர்ச்சி கூடுதலாகத் தெரிகிறதே என்ற ஆசை. எனக்கோ அது பொய்யான உயரம் என்ற தயக்கம். கடைசியில் அண்ணாச்சி சொன்னபடி தூத்துக்குடியின் ஐந்து பூஜ்யங்களையும் கையால் ஏற்றி, வெள்ளத்தோடு ஒன்று, வெள்ளம் இல்லாமல் ஒன்று என இரண்டு சதவீதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

ஏரலின் அந்தச் சனிக்கிழமை இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.