எஸ்பிஎஸ்எஸ் உரிமம் முடிந்த பிறகு

பல்கலைக்கழகத்தை விட்டு வந்தால் எஸ்பிஎஸ்எஸ் (புள்ளியியல் கணக்குகளுக்கான கட்டண மென்பொருள்) உரிமமும் கையை விட்டுப் போய்விடும். தனி ஆய்வாளர் சொந்தக் காசில் சந்தா கட்ட வேண்டுமா? என்னைக் கேட்டால், வேண்டாம். புள்ளியியலுக்கான நிரல் மொழியான ஆர் போதும். அது இலவசம் என்பதுகூட இரண்டாம் பட்சம். முக்கியமானது, அதில் செய்யும் கணக்கெல்லாம் நிரலாகவே எழுதப்பட்டிருக்கும். மதிப்பாய்வாளர் எத்தனை மாதம் கழித்துக் கேட்டாலும் அதே கணக்கை அப்படியே ஓட்டிக் காட்டலாம். (எஸ்பிஎஸ்எஸ்ஸிலும் சின்டாக்ஸ், அதாவது கட்டளைகளை எழுதிவைக்கும் வசதி, உண்டு. யார் சேமிக்கிறார்கள்!)

நிரல் என்றாலே அலர்ஜியா? ஜமோவி இருக்கிறது, ஜாஸ்ப் இருக்கிறது; இரண்டும் இலவச மென்பொருள்கள். மெனுவில் தட்டினால் டி-டெஸ்ட், அனோவா என்று குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் சோதனைகள் எல்லாம் வரும். உள்ளே ஓடுவது பெரும்பாலும் ஆர்தான். பழைய எஸ்பிஎஸ்எஸ் கோப்புகளையும் இரண்டுமே திறக்கும்.

கூட எழுதுகிறவர்கள் எல்லோரும் ஸ்டேட்டா என்ற கட்டண மென்பொருளில் வேலை செய்து, தினமும் கோப்பு மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் மட்டும் பர்ஸைத் திறங்கள்.