மூன்று கியூபும் ஒரு ரெக்கார்ட் நோட்டும்

யாழ்ப்பாணத்தில் ஏ.எல். (இங்கத்தைய பிளஸ் டூ போல) வரை தமிழிலேயே படித்தவள் நான். சென்னைக்கு சிவில் இன்ஜினியரிங் படிக்க வந்தபோது, மொழிச் சிக்கல் இராது என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். முதல் வாரமே லேபில் திணறினேன். ஒரு பொருள் பரப்பளவுக்கு இவ்வளவு என்று தாங்கும் விசைக்கு எங்கள் பாடநூலில் தகைப்பு, அதனால் வரும் உருமாற்றத்துக்கு விகாரம். இங்கே தமிழ்வழியில் படித்த தோழிக்கு அவை தகைவு, திரிபு. லேபில் எல்லாருக்கும் ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின்தான்.

செய்முறைக்கு எதைப் பார்த்து எழுதுவது? சீனியரின் பழைய ரெக்கார்ட் நோட்டு கல்லூரிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையிலேயே கிடைக்கும். அக்காமார் மனசாரத் தந்தார்கள். ஊர் விட்டு வந்தவளுக்கு அது பெரிய துணை. பட்டறிவு முழுக்க அதில் இருந்தது. ஆனால் சோதனைக்கு நாங்கள் வார்க்கும் கான்கிரீட் கனசதுரமான கியூபின் அளவீடு அதில் எப்படி இருக்கும்?

150 மில்லிமீட்டர் கியூப் மூன்று வார்த்து, ஏழாம் நாள் இயந்திரத்தில் அழுத்தி உடைத்தோம். 365, 347 கிலோநியூட்டன் விசை தாங்கின இரண்டு. மூன்றாவது 245-இலேயே நொறுங்கியது. "இதை யாரு பார்க்கப் போறாங்க? அக்கா நோட்டுல இருக்கிற நம்பரைப் போட்டுடு" என்றாள் தோழி. எனக்குக் கை வரவில்லை.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தளத்தில் பதிவுசெய்தால் ஐஎஸ் கோடுகளை, அதாவது இந்தியத் தர விதிநூல்களை, இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு. கான்கிரீட் கட்டுமானத்துக்கான ஐஎஸ் 456, கான்கிரீட் வலிமைச் சோதனைக்கான ஐஎஸ் 516-இன் 1959 பதிப்பு இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போனேன். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்க அங்கே தனிப் பகுதி இருக்கிறது. சனிக்கிழமை முழுக்க அங்கேதான்.

456-இல் தெளிவாக இருந்தது: மூன்றின் சராசரியிலிருந்து எந்தக் கியூபும் 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது, விலகினால் அந்தச் சோதனை செல்லாது. எங்களுடையது ஏறத்தாழ 23 விழுக்காடு விலகியிருந்தது. 516-ஐப் புரட்டியபோது காரணமும் பிடிபட்டது. அச்சில் நிரப்பும் கான்கிரீட்டின் ஒவ்வொரு அடுக்குக்கும் கம்பியால் குறைந்தது 35 குத்து. மூன்றாவது கியூபை மணி அடிக்கும் நேரத்தில் அவசரமாக நிரப்பியிருந்தோம்.

உள்ளதை உள்ளபடி ரெக்கார்டில் எழுதி, செல்லாது என்று குறித்து, காரணத்தையும் சேர்த்தேன். வாய்மொழித் தேர்வான வைவாவில் அந்தப் பக்கத்தைத்தான் சார் நெடுநேரம் பார்த்தார். "மறுபடி வார்த்துப் பாருங்க" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை தோழி கம்பியைப் பிடித்துக் குத்த, நான் பக்கத்தில் நின்று ஒன்றிலிருந்து எண்ணினேன்.