டபுள் ஓவர்டைமும் மாடித் தொட்டியும்

கங்கா ஸ்நானத்துக்கு எழுப்பினால் ஆறு முறை புரண்டு படுக்கிறவன், புதன்கிழமை அலாரம் அடிப்பதற்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்திருந்ததில் அம்மாவுக்கு ஒரே வயிற்றெரிச்சல். நான் என்ன செய்ய? அமெரிக்காவில் செவ்வாய் ராத்திரி என்றால் மும்பை மாட்டுங்காவில் புதன் விடிகாலை 5 மணி. என்பிஏ என்கிற அமெரிக்கக் கூடைப்பந்து லீகில் 2025 சீசனின் முதல் ஆட்டம். என் ஆள் கெவின் டியூரண்ட் ஹூஸ்டன் சட்டை போட்டு இறங்குகிறார். எதிரில் யார்? அவருடைய பழைய அணி ஒக்லஹோமா சிட்டி!

டியூரண்டுக்கும் எங்கள் அப்பாவுக்கும் 2016-லிருந்தே ஆகாது. ஒக்லஹோமாவை விட்டு கோல்டன் ஸ்டேட்டுக்குப் போன அன்றைக்கு ஆரம்பித்த பகை. அப்புறம் புரூக்ளின், ஃபீனிக்ஸ், இப்போது ஹூஸ்டன். ஒரே வங்கியில் 36 வருஷம் உட்கார்ந்து எழுந்த மனிதருக்கு எப்படிப் பொறுக்கும்? “ஓரிடத்துல நிலையா இருக்கத் தெரியாதவன்டா அவன்” என்பார். சொல்லும்போது டிவியைப் பார்க்க மாட்டார், என்னைத்தான் பார்ப்பார். நான் நாலாவது கம்பெனியில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

நல்லவேளையாக அப்பா திருச்சூரில், அத்தை வீட்டில். போகும்போது மோட்டார் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். ஏதோ பெட்டகச் சாவியைக் கொடுப்பது போல இரண்டு தடவை சொன்னார்: ஏழரைக்குப் போடணும், எட்டுக்கு அணைக்கணும்.

5 மணிக்கு லேகியத்தை ஒரு உருண்டை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், ஆட்டத்தைக் காணோம். ஒக்லஹோமா போன சீசன் சாம்பியன் அல்லவா, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மோதிரம் கொடுக்கிறார்கள். ஒன்றொன்றும் தோசைக்கல் அகலம். “நிச்சயதார்த்தமா?” என்று கேட்டுவிட்டு அம்மா டிகாக்‌ஷன் போடப் போய்விட்டாள்.

ஓவர்டைமுக்கும், அதாவது ஆட்டம் சமனில் முடிந்தால் கொடுக்கும் கூடுதல் நேரத்துக்கும், எனக்கும் ராசி கிடையாது. 2019-ல் இண்டியானா, சாக்ரமெண்டோ அணிகள் இங்கே வொர்லிக்கு வந்து ஆடியபோது, முதல் நாள் ஓவர்டைம் போய் 132-131. அன்றைக்குக் கூட்டமெல்லாம் பள்ளிப் பிள்ளைகள். நான் காசு கொடுத்துப் போனது மறுநாள். 130-106! பாதியில் எழுந்து வடா பாவ் தின்னப் போயிருக்கலாம்.

அந்தப் பாக்கி மொத்தத்தையும் இந்தப் புதன்கிழமை வட்டியோடு தீர்த்தார்கள். ஏழரைக்கு மாடிப்படிக்குக் கீழே ஓடி மோட்டாரைப் போட்டுவிட்டு, எப்படியும் பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும் என்று திரும்பி வந்தேன். முடியவில்லை. ஓவர்டைம். ஐந்து நிமிடம்தானே? அவர்களுடைய ஐந்து நிமிடம், நம் ஆட்கள் கல்யாணில் நின்றுகொண்டு “தாதர் வந்துட்டேன்” என்று போனில் சொல்கிற ஐந்து நிமிடம். அதுவும் சமனில் முடிந்தது. இன்னொரு ஓவர்டைம்.

கடைசியில் ஹூஸ்டன் ஒரு பாயிண்ட் முன்னால். 2.3 நொடி பாக்கி. ஒக்லஹோமாவின் ஷே பந்தைத் தூக்குவது போலப் போக்குக் காட்ட, என் ஆள், பதினெட்டு வருஷம் ஆடிய என் ஆள், பச்சைப் பிள்ளை மாதிரி எகிறி அவர் மேலேயே விழுந்தார். ஆறாவது ஃபவுல். வெளியே! “ஐயோ” என்று நான் போட்ட சத்தத்தில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். தெருவில் யாரோ சரம் கொளுத்திக்கொண்டிருந்ததால் மானம் தப்பித்தது.

ஃபவுலுக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் ஷே போட்டார். ஒக்லஹோமாவுக்கு 125-124. அப்போதுதான் போன்.

“மோட்டாரை அணைச்சியோ?”

அணைத்துவிட்டேன் என்று பொய் சொல்ல வாயைத் திறக்கிறேன், கீழேயிருந்து மாமியின் குரல். பால்கனியில் எட்டிப் பார்த்தால் தொட்டி வழிந்து முற்றமெல்லாம் தண்ணீர். மாமி மூன்று நாளாகப் பார்த்துப் பார்த்துப் போட்டிருந்த கலர் கோலத்தில் மயிலின் கழுத்து நீலம் மட்டும் பிரிந்து, மெல்ல வாட்ச்மேன் நாற்காலிக் காலைச் சுற்றி, சாக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே அவருடைய ஒற்றைச் செருப்பு.

மோட்டாரை அணைத்து, மாமியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளி முடித்து மேலே வந்தால் போன் இன்னும் லைனில் இருக்கிறது. அம்மா எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறாள். திட்டு வரும் என்று காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்தேன்.

“அவன் எத்தனை பாயிண்ட்?”

“23.”

“வயசு என்ன இப்போ?”

“37. என் வயசுதான்ப்பா.”

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. அத்தை வீட்டு மின்விசிறி மட்டும் கடகடத்தது.

“புது இடம். முதல் நாள். தடுமாறத்தான் செய்யும். போகப் போகச் சரியாயிடும்” என்றார். “சரி, ஆபீசுக்கு நேரமாச்சு, கிளம்பு. சாயங்காலம் வரச்சே மாமிக்குக் கோலப்பொடி வாங்கிண்டு வா. நீலம் ரெண்டு பாக்கெட்டா வாங்கு.”