கற்பூர மரம் விழுந்த ஆம்னிக்கு காசு வாங்கிய கதை

போன ஜூலை மழையில், கோத்தகிரிப் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் நின்ற மாருதி ஆம்னி வேன் மேல் கற்பூர மரக் கிளை விழுந்தது. கூரை தொட்டில் மாதிரி குழிந்துவிட்டது, முன் கண்ணாடி போச்சு. கரண்டும் இல்லை, டவரும் இல்லை. சிக்னல் வந்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொன்னபோது நாலு நாள் ஆகியிருந்தது. நல்ல வேளை, கிளையை அறுப்பதற்கு முன்னாடியே மகன் போட்டோ எடுத்து வைத்திருந்தான்.

சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்துவிட்டுப் போனார். மூணு வாரம் கழித்து, "தாமதமாகத் தெரிவித்ததால் கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது" என்று ஒரே வரியில் கடிதம்.

வண்டி விஷயம்தானே என்று ஊட்டி ஆர்டிஓ ஆபீஸுக்குப் பஸ் ஏறினேன். "ஆர்சி, லைசென்ஸ், எஃப்சி இதுதான் சார் எங்க வேலை. பணம் தரலைன்னா நாங்க ஒண்ணும் கேட்க முடியாது" என்றார் அங்கே ஒருத்தர். ஒரு நாள் சம்பளமும் போச்சு.

அப்புறம்தான் சரியான வழி தெரிந்தது. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். அவர்கள் மறுத்தாலோ, 30 நாள் பதிலே இல்லை என்றாலோ, ஒரு வருஷத்துக்குள் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்பு சொல்லும் அதிகாரியிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அந்த ஆபீஸ் சென்னையில். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஹைதராபாத்தில் இருக்கும், இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ-யின் 'பீமா பரோசா' தளத்திலும் புகார் போட்டேன். அது புகாரைக் கம்பெனிக்கே அனுப்பிப் பதில் கேட்கும், தீர்ப்பு சொல்லாது. எனக்கு வந்தது அதே பழைய வரிதான்.

ஆம்பட்ஸ்மேனுக்கு எழுதும்போது முக்கியமாக ஒன்றைச் சேர்த்தேன். தாமதத்தை மட்டும் காரணம் காட்டி நியாயமான கிளெய்மை மறுக்கக் கூடாது என்று ஐஆர்டிஏ (ஐஆர்டிஏஐ-யின் அப்போதைய பெயர்) 2011 செப்டம்பரிலேயே கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதன் நகல், போட்டோக்கள், கரண்ட் இல்லாததைப் பற்றி வந்த பேப்பர் செய்தி, எல்லாம் வைத்தேன்.

விசாரணை வீடியோவில். வீட்டில் சிக்னல் நிற்காது என்பதால் மாரியம்மன் கோவில் திட்டில், மகன் குடை பிடிக்க உட்கார்ந்தேன். "தாமதத்தைத் தவிர வேறு ஆட்சேபணை உண்டா?" என்று கம்பெனிக்காரரைக் கேட்டார்கள். அவர் ஃபைலைப் புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். இல்லை என்றார்.

தீர்ப்பு எனக்குச் சாதகம். பில் 48,500, வந்தது 33,800. இதில் கம்பெனி மேல் குறை சொல்ல மாட்டேன். அஞ்சு வருஷம் தாண்டி, பத்து வருஷம் தாண்டாத வண்டிக்கு இரும்புப் பாகத்தில் 40 சதவீதம், ரப்பர் பிளாஸ்டிக்கில் 50 சதவீதம் தேய்மானம் பிடிப்பார்கள், கண்ணாடிக்கு மட்டும் பிடிப்பதில்லை. அதற்கு மேல் 1,000 ரூபாய் நம் பங்கு. அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கு மட்டுமான வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியாக இருந்திருந்தால் இதுவும் கிடையாது.

இப்போது வண்டியை எதிர்ப்பக்கம் நிறுத்துகிறேன். அங்கே ஒரு சில்வர் ஓக் நிற்கிறது, அதுவும் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது.